புது வண்டிதானே, அதற்குள் ஏன் மக்கர்?

பிள்ளையார்பட்டியில் பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, மாலையோடு வீடு வந்து சேர்ந்த கார், மூன்றாம் மாதம் ஒரு முகூர்த்த நாளில் விடியற்காலை நாலரை மணிக்கு ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். செட்டிநாட்டுப் பக்கம் இது அபூர்வமான கதை இல்லை. வீட்டில் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ‘கம்பெனிக்காரன் பழுது வண்டியைத் தள்ளிவிட்டான்’ என்பது ஒன்று, ‘கண் பட்டுப்போச்சு’ என்பது இன்னொன்று. சர்வீஸ் சென்டருக்குப் போனால் மூன்றாவதாக ஒரு கட்சி காத்திருக்கும்: ‘வண்டியில ஒன்னுமில்ல சார், உங்க ஓட்டம் அப்படி.’

லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்தவருக்கு அந்தப் பதில் எரிச்சலைத்தான் கிளப்பும். ஆனால் அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை வண்டி விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்வதில்லை என்பதுதான் என் புகார்.

முதலில் ஒன்று. புதுசு என்றால் பழுதே வராது என்ற நினைப்பே சரியில்லை. எந்த இயந்திரத்துக்கும் பழுது அதிகம் வருவது ஆயுளின் இரண்டு முனைகளில்தான். ஆரம்பத்தில் கொஞ்ச காலம், அப்புறம் தேய்ந்து போகிற காலம். நடுவில் இருப்பதுதான் நிம்மதியான பருவம். ஆரம்பத்தில் வருகிற பழுதுக்குக் காரணம், தொழிற்சாலையில் சரியாக முறுக்காத ஒரு போல்ட், முழுக்கப் பொருந்தாத ஒரு கனெக்டர், தரம் குறைந்த ஒரு சென்சார் என்று ஏதாவது இருக்கும். ஆயிரக்கணக்கான பாகங்களைச் சேர்த்துக் கட்டும் பொருளில் ஒன்றிரண்டு இப்படித் தப்பி வெளியே வந்துவிடும். வாரண்டி என்ற ஏற்பாடு இருப்பதே இதற்காகத்தான். இந்த வகைப் பழுதுக்கு ஒரு அடையாளம் உண்டு: வண்டியை எப்படி ஓட்டினாலும் வரும், சென்னையில் ஓட்டினாலும் வரும், கண்டனூரில் ஓட்டினாலும் வரும்.

தொழிற்சாலைக்கும் ஷோரூமுக்கும் நடுவே இன்னொரு இடம் இருக்கிறது. அதை யாரும் கவனிப்பதில்லை. விற்காத வண்டிகள் திறந்தவெளி யார்டில் மாதக்கணக்கில் வெயிலும் மழையும் பட்டு நிற்கும். நாம் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அந்த வண்டியின் பேட்டரி ஒருமுறை முழுக்க இறங்கி, திரும்பச் சார்ஜ் ஏற்றப்பட்டிருக்கலாம். டயர்கள் ஒரே இடத்தில் அழுந்தி நின்றிருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு எண்கள் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம். 0825 என்றால் 2025-ஆம் ஆண்டின் எட்டாவது வாரம். டிசம்பர் கழிவில் வண்டி எடுப்பவர்கள் கழிவுத் தொகையைப் பார்க்கிற அளவுக்கு இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. டெலிவரிக்கு முன்னால் சோதனை செய்யும் முறை எல்லா டீலரிடமும் உண்டு. அந்தச் சோதனைத் தாளைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

சரி, இதெல்லாம் எந்த ஊருக்கும் பொது. செட்டிநாட்டுக்கென்று உள்ள சிக்கல், இங்கே வண்டி ஓடுகிற விதத்தில் இருக்கிறது. ஓடுகிற விதம் என்பதைவிட, நிற்கிற விதம் என்று சொல்லலாம்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் தெருக்களில் நடந்து பாருங்கள். முன் வாசல் ஒரு தெருவிலும் பின் வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகள் வருஷத்தில் பெரும்பகுதி பூட்டித்தான் கிடக்கின்றன. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வருவார்கள். வந்தால் சுற்ற வண்டி வேண்டுமே என்று ஒரு புதுக் கார் வாங்கி, பின்கட்டை ஒட்டிய கொட்டகையில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தாலும் ஓட்டம் அதிகமில்லை. கோயில், பேங்க், டாக்டர், கடைவீதி என்று இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர். அப்புறம் திடீரென்று ஒருநாள் அதிகாலையில் அதே வண்டியை எடுத்துக்கொண்டு மதுரை விமான நிலையத்துக்கோ சென்னைக்கோ ஒரே மூச்சில் ஓட வேண்டும். நெடுநாள் நிறுத்தம், குட்டி ஓட்டம், திடீர் நெடும்பயணம் என்ற இந்த மூன்றும் சேர்ந்த வாழ்க்கை இன்றைய காருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

பேட்டரியிலிருந்து ஆரம்பிக்கலாம். இக்காலக் காரை ஆஃப் செய்து பூட்டினாலும் அது முழுக்கத் தூங்குவதில்லை. ரிமோட் சாவியின் சிக்னலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும், அலாரம் விழித்திருக்க வேண்டும், போனோடு பேசும் சிம் கார்டு வைத்த வண்டி என்றால் அதுவும் சேரும். இதற்கெல்லாம் 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். கேட்க ஒன்றுமில்லாத அளவுதான். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தால், நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி. முப்பது நாளில் 36. ஒரு சின்னக் காரின் பேட்டரி மொத்தமே 35 முதல் 45 ஆம்பியர்-மணிதான். டேஷ்கேமராவை நேரடியாக பேட்டரியில் இணைத்துவிட்டால் கணக்கு இன்னும் சீக்கிரம் முடியும். வெயில் வேறு. சூடு ஏற ஏற பேட்டரி தானாக இறங்குகிற வேகமும் ஏறும். சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்குள் நிற்கிற வண்டியின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

பள்ளத்தூரில் தெரிந்த ஓர் ஆச்சி வீட்டில் இதை நேரில் பார்த்தேன். புதுக் கார், ஓடியது ஆயிரம் கிலோமீட்டர்கூட இல்லை. ரிமோட்டை அமுக்கினால் கதவே திறக்கவில்லை. அந்த ரிமோட்டுக்குள்ளேயே ஒரு சின்னச் சாவி ஒளிந்திருக்கிறது என்பது மெக்கானிக் வந்து உருவிக் காட்டும்வரை வீட்டில் யாருக்கும் தெரியாது. பானட்டைத் திறந்து மல்டிமீட்டரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் வைத்தார். 11.4 வோல்ட். முழுச் சார்ஜில் 12.6 காட்ட வேண்டும், 12.2 என்றாலே பாதிதான். 11.4 என்றால் அடிமட்டம்.

“ஆச்சி, வண்டியில பழுது ஒன்னுமில்ல. நிப்பாட்டியே கெடுத்துட்டீக.”

“ஓட்டாத வண்டி எப்படிப்பா கெடும்?”

நியாயமான கேள்வி. மெக்கானிக் பதில் சொல்லாமல், கொண்டுவந்த பேட்டரியில் வயர் மாட்டி ஸ்டார்ட் செய்தார். டேஷ்போர்டில் கார்த்திகை தீபம் மாதிரி எல்லா விளக்கும் எரிந்தது. ஸ்டியரிங், ஏபிஎஸ், ஏர்பேக், இன்ஜின் என்று ஒன்று பாக்கியில்லை. பார்த்த ஆச்சிக்கு வண்டி முழுக்கப் போய்விட்டதாகத்தான் தோன்றியது. உண்மையில் ஒவ்வொரு கம்ப்யூட்டர் பெட்டியும் ‘எனக்கு வோல்டேஜ் போதவில்லை’ என்று தனித்தனியாகக் குறிப்பு எழுதி வைத்திருந்தது, அவ்வளவுதான். கொஞ்ச தூரம் ஓட்டியதும் பெரும்பாலானவை தாமாக அணைந்தன. வண்டிக்குப் பெரிய கோளாறு என்று பயப்பட வைக்கிற காட்சிகளில் பல இந்த ரகம். எந்தப் பாகத்தையும் மாற்ற ஒப்புக்கொள்வதற்கு முன்னால் வோல்டேஜைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் பேட்டரி தப்பித்தது என்று சொல்ல முடியாது. ஈய-அமில பேட்டரி இறங்கியே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகிவிடும். அப்புறம் சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் கொண்டுவந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நம்மூர் வாயில் சிக்ரி, 1953-லிருந்து காரைக்குடியில்தான் இருக்கிறது. பேட்டரியும் துருவும் அவர்கள் ஆராய்கிற விஷயங்களே. அந்த ஊரிலேயே வருஷத்துக்கு ஒரு பேட்டரி வாங்கி மாட்டுகிற வீடுகள் இருப்பது வேடிக்கைதான்.

வேலைக்காரரிடம் சாவி கொடுத்து ‘தினம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வை’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இதனால் பலனில்லை. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரத்தை, வண்டியை நகர்த்தாமல் இன்ஜினை மட்டும் ஓடவிடும் ஐந்து நிமிஷ ஐடிலிங் முழுக்கத் திருப்பித் தராது, இன்ஜினும் சூடாகாது. வாரம் ஒருமுறை முப்பது, நாற்பது நிமிஷம் ரோட்டில் ஓட்ட ஆள் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கொட்டகையில் ஒரு பிளக் பாயிண்ட் வைத்து, தானாகக் கட்டுப்படுத்திக்கொள்ளும் சின்ன சார்ஜரை மாட்டலாம். ஊருக்குப் போகும்போது நெகட்டிவ் முனையைக் கழற்றி வைக்கிற பழைய வழியும் உண்டு. சில வண்டிகளில் அதற்கு முன் செய்யவேண்டியது ஏதாவது இருக்கும், கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டீசல் வண்டியின் கதை இதைவிடச் செலவானது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதி வந்தது. அதிலிருந்து டீசல் காரின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. டிபிஎஃப் என்பார்கள். உள்ளே பீங்கான் போன்ற பொருளில் நுண்ணிய அறைகள். கரி சேரச் சேர அடைத்துக்கொள்ளும். அடைப்பை நீக்கக் கழுவுவதில்லை, எரிக்க வேண்டும். நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் ஓடும்போது புகையின் சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துவிடும். அது போதாதபோது, வண்டியின் கம்ப்யூட்டரே கூடுதல் டீசலைத் தெளித்து வடிகட்டியின் சூட்டை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏற்றி எரிக்கும். இதற்குப் பத்து முதல் இருபது நிமிஷம் இன்ஜின் சூடாக, விடாமல் ஓட வேண்டும்.

காரைக்குடிக்குள்ளேயே செக்காலை ரோட்டிலிருந்து பெரியார் சிலைக்கும் திரும்பவும் என்று ஓடுகிற வண்டிக்கு அந்த இருபது நிமிஷம் எங்கே கிடைக்கும்? நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களையும் ஒரே நாளில் சுற்றுகிறவர்கள் இன்னொரு தினுசில் மாட்டுவார்கள். வழியில் எரிப்பு ஆரம்பித்திருக்கும், வைரவன்பட்டி வாசல் வந்ததும் சாவியைத் திருகி அணைத்துவிடுவோம். திரும்ப ஏறி மாத்தூருக்குப் போகும்போது முதலிலிருந்து ஆரம்பம். பாதியில் நின்றது என்பதற்கு அடையாளம் தெரியும்: இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் சத்தமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், ஏதோ காய்ந்து கருகுகிற வாடை வரும், ஐடிலிங் வேகம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்திருக்கும். புது வண்டியில் கருகல் வாடை என்றதும் பயந்து, ஓரங்கட்டி அணைத்துவிடுவார்கள். செய்யக்கூடாத காரியம் அதுதான். புகையோ தீயோ தெரியாமல், வாடையும் ஃபேன் சத்தமும் மட்டும் என்றால் தொடர்ந்து ஓட்ட வேண்டும்.

இதில் மறைந்திருக்கிற வினை ஒன்று உண்டு. கூடுதலாகத் தெளித்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து இன்ஜின் ஆயிலோடு கலந்துவிடும். எரிப்பு அடிக்கடி ஆரம்பித்து அடிக்கடி நின்றால் கலப்பும் அதிகம். ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் அளவு மேலே ஏறியிருக்கும். ‘பாருங்க, சொட்டு ஆயில் குறையல’ என்று பெருமைப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். மேல் கோட்டைத் தாண்டிய ஆயில் டீசல் கலந்து நீர்த்த ஆயில், பேரிங்குகளுக்கு ஆகாது. கிலோமீட்டர் ஆகவில்லையே என்று பார்க்காமல் மாற்றிவிட வேண்டும்.

டிபிஎஃப் விளக்கு மஞ்சளாக எரிந்தால், தேவகோட்டைக்கோ திருமயம் கோட்டை வரைக்குமோ ஒரே சீரான வேகத்தில் ஒரு நடை போய்வந்தால் பெரும்பாலும் அணைந்துவிடும். கவனிக்காமல் விட்டால் இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரியும், வண்டி தன் சக்தியைத் தானே குறைத்துக்கொண்டு மெல்லத்தான் நகரும். அந்தக் கட்டத்தில் சர்வீஸ் சென்டரில் கருவி மாட்டி வலுக்கட்டாயமாக எரிக்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் வடிகட்டியையே மாற்ற வேண்டும், அதன் விலை லேசில்லை. அடைப்புக்குக் காரணம் ஓட்டும் விதம் என்று எழுதிவிட்டால் வாரண்டியும் கைகொடுக்காது.

என் கணிப்பில், மாதம் சில நூறு கிலோமீட்டர் மட்டும், அதுவும் ஊருக்குள்ளேயே ஓட்டுகிற செட்டிநாட்டு வீட்டுக்கு டீசல் கார் விற்பதே தப்பு. ஷோரூமில் கலர் கேட்கிறார்கள், லோன் கேட்கிறார்கள், பழைய வண்டி எக்ஸ்சேஞ்ச் உண்டா என்று கேட்கிறார்கள். ‘ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க’ என்ற கேள்வி மட்டும் வருவதில்லை. வந்தாலும் மைலேஜ் கணக்குப் போடத்தான்.

பெட்ரோல் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே வருகிற புகார் பெரும்பாலும் மைலேஜ். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் எரிசக்தி குறைவு. பழைய தரத்துக்கு வடிவமைத்த நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே சொன்னது. அதைப் பழுது என்று கொண்டுபோனால் எடுபடாது.

எலி விஷயம் எல்லோருக்கும் தெரிந்தது. பூட்டிய வீட்டுக் கொட்டகையில் நாள்கணக்காக அசையாமல் நிற்கும் பானட், எலிக்குக் கட்டிவைத்த வீடு. வயர் கடிபட்டால் வாரண்டி கிடையாது. இன்சூரன்ஸ் தருமா என்பது பாலிசியின் வாசகத்தைப் பொறுத்தது. பொதுவாகவே கார் இன்சூரன்ஸ் விபத்துக்கும் திருட்டுக்கும் வெள்ளத்துக்கும்தான், தானாக வரும் இயந்திரப் பழுதுக்கு இல்லை. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

எலியைவிடக் கெட்டது, வண்டி வாங்கிய முதல் வாரத்தில் நாமே வெட்டுகிற வயர். பெரிய ஹாரன், பளிச்சென்ற விளக்கு, சீட்டுக்கு அடியில் பாட்டுப் பெட்டி. கம்பெனி கனெக்டரில் பொருத்தினால் பிரச்சினையில்லை. கடைவீதியில் வயரின் தோலை உரித்து, முறுக்கி, டேப் சுற்றினால் அப்புறம் மின் சம்பந்தமான எந்தப் பழுதுக்கும் அந்த டேப்பைத்தான் சர்வீஸ் சென்டரில் விரல் வைத்துக் காட்டுவார்கள்.

இனி, உண்மையாகவே தொழிற்சாலைப் பழுது என்றால் என்ன வழி? முதலில் ஜாப் கார்டு, அதாவது சர்வீஸ் சென்டரில் புகாரையும் வேலையையும் எழுதித் தரும் தாள். ‘வண்டியை விட்டுட்டுப் போங்க, பாத்துருவோம்’ என்று வாய் வார்த்தையில் முடிப்பதற்கு இடம் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் என்ன புகார், எத்தனை கிலோமீட்டரில், என்ன செய்தார்கள் என்று எழுத்தில் இருக்க வேண்டும். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதியிருந்தால், ‘இரண்டாவது கியரில் இழுவை இல்லை’ என்று நீங்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் மாட்டி எடுத்த பழுதுக் குறியீட்டையும் அச்செடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி வேறு ஊரில் வாங்கியது, சில வேலைகளுக்கு 90 கிலோமீட்டர் தாண்டி மதுரைக்கோ திருச்சிக்கோதான் போக வேண்டும் என்கிற நம் நிலைமையில், ஒரு சென்டரில் சொன்னது அடுத்த சென்டருக்குத் தெரியாது. தாள்தான் பேசும்.

‘புது வண்டியே மாற்றிக் கொடு’ என்ற கோரிக்கை அவ்வளவு சுலபமாக நிற்பதில்லை. வாரண்டி என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்ய அல்லது மாற்றத்தானே தவிர, முழு வண்டியை மாற்ற அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் ஒரு கார் வழக்கில் சொல்லியிருக்கிறது. திரும்பத் திரும்ப முயன்றும் தீராத உற்பத்திக் குறை என்று நிரூபித்தால் நிலைமை வேறு. அதை நிரூபிக்கிற பொறுப்பு வாங்கியவர் தலையில்தான். அமெரிக்க மாநிலங்களில் இத்தனை முறை சரிசெய்தும் தீராவிட்டால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள் என்று தனிச் சட்டமே இருக்கிறது. நம் நாட்டில் இல்லை, பொதுவான நுகர்வோர் சட்டம்தான்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நமக்குச் சாதகமான ஒரு மாற்றம் உண்டு. வண்டியைச் சென்னையில் வாங்கியிருந்தாலும், குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். காரைக்குடிக்காரர் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கட்டணமும் பயப்படும்படி இல்லை. 5 லட்சம் வரை ஒன்றுமில்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சர்வீஸ் சென்டருக்கு நடையாய் நடந்து இந்த இரண்டு ஆண்டைத் தொலைப்பவர்கள் உண்டு. வழக்குக்கு முன்படியாக 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், பல சமயம் கம்பெனியின் மேலிடம் அதிலேயே அசையும். டிராவல்ஸ் நடத்துகிறவர் பல வண்டிகளில் ஒன்றாக வாங்கியிருந்தால் வணிக நோக்கம் என்று தள்ளிவிடுவார்கள். ஒரே வண்டியைத் தானே ஓட்டிப் பிழைக்கிறவர் நுகர்வோர்தான்.

ஒரே மாதிரிப் பழுது பலருக்கும் வந்தால் அது உங்கள் தனிச் சண்டை இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, பாதுகாப்புக்கு ஆபத்தான குறைபாடு இருந்தால் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும்படி அரசே உத்தரவிட முடியும். கம்பெனிகளே முன்வந்து அழைப்பதும் நடக்கிறது. சேசிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் உங்கள் வண்டி அதில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அப்படி இருந்தால் வேலை இலவசம். ‘உங்க ஓட்டம் அப்படி’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

வழக்கு என்று போனால் ஒன்றில் கவனம் வேண்டும். குறைபாடு பரிசோதனையில்தான் தெரியும் என்றால், ஆணையம் அதை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாம் என்று சட்டத்தின் 38-ஆவது பிரிவு சொல்கிறது. பல வழக்குகளில் முடிவைத் தீர்மானிப்பது இந்த நிபுணர் அறிக்கைதான். ஆகவே அவசரப்பட்டுத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினைப் பிரித்துப் பார்க்கச் சொல்லாதீர்கள். கழற்றிய பாகத்தை வைத்து எதிர்த் தரப்பு முதலில் எழுப்புகிற கேள்வி, அதைக் கழற்றியது யார் என்பதாகத்தான் இருக்கும்.